ஒரே தூண்டிலுக்கு இரு நீதி

காட்கோபருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பவாய் ஏரி இருக்கிறது. அந்த ஏரியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு மனிதர்கள் அதில் தவறாமல் வந்து நிற்கிறார்கள். ஒருவர், உரிமச் சீட்டுடன், உருளை பொருத்திய கோலைக் கையில் பிடித்து, மேடையிலோ இலகுவான துடுப்புப் படகிலோ அமர்ந்து மீனுக்குக் காத்திருப்பவர். அவருக்குப் பெயர் 'ஆங்லர்'. மற்றவர், தெர்மகோல் பலகையின் மீதோ காற்றடைத்த டயர்க் குழாயின் மீதோ மிதந்தபடி அதே நீரில் நரம்பை இறக்குபவர். அவருக்குப் பெயர் 'போச்சர்'. முன்னவர் ஏரியின் காவலர் என்றும் பின்னவர் ஏரியின் திருடர் என்றும் படித்தவர் கூட்டம் நெடுங்காலமாக எழுதி வருகிறது. மும்பைத் தமிழரில் ஒரு பகுதியினரும் இச்சொற்களை அப்படியே வாங்கிக்கொண்டு பேசுகின்றனர். தாமிரபரணிக் கரைக் குளங்களில் கோலும் நரம்புமாகச் சிறுவயதைக் கழித்தவர்களின் பிள்ளைகளே அவர்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்தப் பகுப்பு பொய்யானது. அறிவியலின்படியும் பொய், வரலாற்றின்படியும் பொய். அதைவிடக் கேடு, இப்பொய் நீடிக்கும் வரை எந்த ஏரியும் பிழைக்காது என்பது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். 'தூண்டு' என்னும் வினையிலிருந்து பிறந்தது தூண்டில். விளக்கின் திரியைத் தூண்டுவதும் மீனின் ஆவலைத் தூண்டுவதும் தமிழுக்கு ஒரே வினை. பிடித்தவர் பொழுதுபோக்குக்குப் பிடித்தாரா, உலைக்குப் பிடித்தாரா என்னும் கேள்வி அச்சொல்லுக்குள் இல்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை தூண்டிலை நுணுக்கமாகக் காட்டும் பழைய நூல்களுள் ஒன்று. நெடிய மூங்கிற்கோல், அதில் பிணித்த கயிறு, வளைந்த வாயுடைய இரும்பு முள், தோற்பையில் இட்டு வைத்த இரை என ஒவ்வொரு கருவியையும் அது சொல்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவன் பாணன். பிறர் வாசலில் பாடிப் பிழைப்பவன். இரையைக் கவ்வியும் அகப்படாது தப்பிய வாளைமீன், நீரோரத்துப் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டுகூட அஞ்சுவதாக அப்புலவர் சொல்கிறார். முள்ளில் ஒருமுறை பட்ட மீன் எச்சரிக்கை கற்றுக்கொள்கிறது என்பது இன்று விளையாட்டு மீன்பிடிப்போர் தம் அனுபவ ஞானமாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி. அதைக் கண்டறிந்து வைத்திருந்த உலகம் பாணனின் உலகம்.

அப்படியானால் ஒரே தூண்டில் எப்போது இரண்டாயிற்று? விடை மலையேறிப் பார்த்தால் கிடைக்கும்.

உதகையின் ஏரியை 1824இல் ஜான் சலிவன் அமைத்தார். மீன்பிடிப்பு அதன் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்று. கொடைக்கானல் ஏரியை 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் ஓடைகளை மறித்து உருவாக்கினார், மீன்களை விட்டார், அதில் மிதந்த முதற்படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. மீனவர் துறைமுகத்துப் படகு, மீனவர் இல்லாத ஏரிக்கு ஏறிப்போயிற்று. சிற்றேரி, இலகு படகு, வெளியிலிருந்து விடப்பட்ட மீன் ஆகிய மூன்றும் கூடிய ஒரு பொழுதுபோக்கு உலகம் தமிழ்நாட்டு மலைகளில் இவ்வாறு உருவானது.

அந்தப் பொழுதுபோக்கின் உச்சவடிவம் ஈத்தூண்டில். அதன் நுட்பத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. இறகையும் பட்டுநூலையும் மெல்லிய கம்பியையும் முள்ளின் மேல் சுற்றி, நீர்மேல் பறக்கும் பூச்சியின் சாயலைக் கட்டுகிறார்கள். அந்தப் போலிப் பூச்சிக்கு எடையே கிடையாது. ஆகவே அதை எறிய இயலாது. கனத்த வடத்தை வீசி, அந்த வடத்தின் வேகத்தில் பூச்சியைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். தேங்கிய நீரில் இதைச் செய்யச் சிறு துடுப்புப் படகே ஏற்றது. துடுப்பை நிறுத்திப் படகைக் காற்றுக்குக் குறுக்காக விட்டால் அது ஓசையின்றி மெல்ல நகரும். அமர்ந்திருப்பவர் காற்றின் போக்கிலேயே படகுக்கு முன்னால் வீசி, வடத்தைக் கைக்கு இழுத்துக்கொண்டே வருவார். எந்தப் பூச்சி எந்த நேரத்தில் நீரிலிருந்து எழுகிறது, மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது, முகில் வந்தால் என்ன மாறுகிறது என்பனவெல்லாம் தெரியாதவருக்கு இக்கலை கைகூடாது. கூர்மையான இயற்கையறிவு இதில் உண்டு.

ஆனால் மயிலிறகுத் தண்டை மிதப்பாகக் கட்டி, மண்புழுவைக் கோத்து, கண்மாயின் மடைவாயில் உட்கார்ந்திருக்கும் சிறுவனிடத்திலும் அதே வகை அறிவுதான் இருக்கிறது. மிதப்பு துள்ளினால் கெளுத்தி, சாய்ந்தால் கெண்டை என்று அவன் தன் குளத்தில் பழகிய கணக்கொன்றை வைத்திருப்பான். இரண்டு அறிவுக்கும் இடையே உள்ள வேறுபாடு கருவியின் விலை. சட்டம் வந்தபோதுதான் அது நீதியின் வேறுபாடாக மாறியது.

சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1873இல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். 1887இல் ஏரி, குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே தனி நூலொன்றையும் எழுதினார். ஊர்மக்கள் சிறுகண் வலையாலும் நஞ்சாலும் மீன்குஞ்சுகளை அழிக்கிறார்கள் என்பது அவர் ஓயாது எழுப்பிய குற்றச்சாட்டு. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அக்குற்றச்சாட்டு எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்க்க வேண்டும். 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்ட மீன் எது? அந்த மலையின் ஓடைகளில் தொன்றுதொட்டு வாழ்ந்த மீன் அன்று. வெளியிலிருந்து கொணர்ந்து அந்நீருக்குப் பழக்கப்படுத்திய மீன். டிரவுட் என்னும் குளிர்நீர் மீனை நீலகிரியில் குடியேற்ற 1860களிலேயே பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். அம்மீன் வேரூன்ற இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமும் அவலாஞ்சியின் குஞ்சு பொரிப்பகமும் தேவைப்பட்டன. வராத விருந்தாளிக்காக முன்கூட்டியே வீட்டைப் பூட்டி வைத்ததுபோல, மீன் நிலைபெறுவதற்கு முன்பே சட்டம் நிலைபெற்றுவிட்டது.

1897இன் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடைசெய்தது. நல்ல சட்டம், இன்றும் தேவையான சட்டம். ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். காட்டுமக்களின் மரபில் மூலிகை நஞ்சு உண்டு, டைனமைட் கிடையாது. அதற்கு ஆல்ஃபிரட் நோபெல் காப்புரிமை பெற்றது 1867இல். அது இந்நாட்டு ஆறுகளுக்கு வந்தது சுரங்கத்தோடும் சாலையோடும் இருப்புப்பாதையோடும். அழிவின் கருவியைக் கொண்டுவந்த ஆட்சியே அழிப்பவன் என்னும் பட்டத்தைப் பழங்குடியின் தலையில் கட்டியது.

இந்த இடத்தில் விளையாட்டு மீன்பிடிப்போர் தரப்பிலிருந்து ஒரு மறுமொழி வரும். 'அது பழங்கதை. இன்று நாங்கள் பிடித்த மீனை விட்டுவிடுகிறோம். குஞ்சுகளை வளர்த்து விடுகிறோம். எங்களால்தான் இந்த மீன்கள் எஞ்சியிருக்கின்றன' என்பது அம்மறுமொழி. இதற்குக் காவிரி விடை சொல்லியிருக்கிறது.

காவிரியில் திமில்போன்ற முதுகுடைய மஹசீர் என்னும் பெருமீன் வாழ்கிறது. உலகின் மிகப் பெரிய மஹசீர் இனங்களுள் ஒன்று. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் அகப்பட்ட ஒரு மீன் 120 பவுண்டு எடை கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது. கருநாடகப் பகுதிக் காவிரியில் பீமேஸ்வரி, காலிபோர் முதலிய இடங்களில் முகாம்கள் அமைத்துப் பரிசலில் சென்று இம்மீனைப் பிடிப்பதும், எடை பார்த்து மீண்டும் நீரில் விடுவதும் நடந்துவந்தது. முன்பு கள்ளத்தனமாக மீன்பிடித்தவர்கள் என்று சொல்லப்பட்ட உள்ளூர் ஆட்களே அங்கு வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டார்கள். ஆற்றின் ஒவ்வொரு கயத்தையும் அறிந்தவர்கள் அவர்கள்தாம் என்பதால் வேறு வழியும் இருக்கவில்லை.

இதே காலத்தில் மும்பைக்கும் புணேவுக்கும் நடுவே, லோணாவளாவின் வல்வண் ஏரிக்கரையில், டாடா மின் நிறுவனத்தின் மஹசீர்ப் பொரிப்பகம் இயங்கிவந்தது. 1970களிலிருந்து அங்கே பெருக்கப்பட்டது நீலத்துடுப்பு மஹசீர் என்னும் வேறோர் இனம். அதன் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. நோக்கம் தூயது, மீனைப் பெருக்குவதே பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பிய காலம். விளைவு 2015இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. 1998 முதல் 2012 வரை முகாம்களில் எழுதிவைக்கப்பட்ட பிடிப்புக் குறிப்புகளை ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தனர். பிடிபட்ட மஹசீர்களின் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே போயிற்று. ஆனால் அந்த உயர்வு முழுக்க வந்தேறிய நீலத்துடுப்புக்கு உரியது. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் அருகிக்கொண்டே வந்திருந்தது. 2018இல் அம்மீனின் அறிவியற்பெயர் 'டோர் ரெமாதேவீ' என்று உறுதி செய்யப்பட்டபோது, அது மிக அருகிய இனமாகவும் பன்னாட்டுச் செம்பட்டியலில் ஏறியது. இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஓர் ஆற்றில் வாழ்ந்த மீனுக்குப் பெயர் நிலைப்பதற்குள் அழிவின் விளிம்பு வந்துவிட்டது.

இதற்கு விளையாட்டு மீன்பிடிப்போர் மட்டும் காரணர் என்று சொல்வது அநீதி. அணைகள், மணற்கொள்ளை, வெடி, நஞ்சு யாவும் அந்த ஆற்றில் உண்டு. எதிர்த்தரப்புக்கு உரிய பெருமையையும் கொடுத்தாக வேண்டும்: அந்த முகாம்களில் ஒவ்வொரு மீனையும் எடைபோட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் இல்லாதிருந்தால் இந்தச் சரிவு யாருக்குமே தெரிந்திராது. தூண்டிற்காரரின் குறிப்பேடுதான் ஓர் உயிரினத்தின் மரணச் சான்றைத் தாங்கி நின்றது. ஆனால் நல்லெண்ணமும் உரிமச் சீட்டும் கையில் இருப்பதனாலேயே ஒருவர் நீரின் காவலர் ஆகிவிடுவதில்லை என்பதையும் அக்குறிப்பேடே சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட பெரும்பிழை ஒன்றைப் பழங்குடி மீனவர் செய்திருந்தால் அதற்கு என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

பவாய்க்குத் திரும்புவோம். 1891இல் குடிநீருக்கென அணைகட்டி எழுப்பிய ஏரி அது. நீர் குடிப்பதற்கு உதவாது என்று பின்னர் கைவிடப்பட்டது. 1958இல் அதன் கரையருகே இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது, அதன்பின் அடுக்குமாடிகள். இன்று அதில் வாழும் ரோகு, கட்லா, மிருகால் ஆகியவை கங்கைச் சமவெளியின் மீன்கள். அவை பாயும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய ஏரியில் தாமாகப் பெருகுவதில்லை. ஆகவே குஞ்சு வாங்கி விடப்படுகிறது. 'நாங்கள் விட்ட மீனை அவர்கள் திருடுகிறார்கள்' என்னும் வாதத்தின் வேர் இதுவே.

ஆனால் அந்த ஏரியைக் கொல்வது எது? சாக்கடை. கழிவுநீரின் சத்தில் ஆகாயத்தாமரை கரைமுதல் கரைவரை தழைக்கிறது. அழுகும் பயிர்ப்பொருளும் பாசியும் நீரிலுள்ள உயிர்வளியை இரவெல்லாம் குடித்துத் தீர்க்கின்றன. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய்திறந்து தவிப்பதன் காரணம் அதுதான். அந்த நீரில் தூண்டிலில் போராடிக் களைத்த மீனை விடுவித்தால் அது பிழைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. வெப்பம் மிகுந்து வளி குறைந்த நீரில் 'பிடித்துவிடுதல்' என்பது பலநேரம் தாமதித்த கொலையே. ஆகவே டயர்க் குழாயின் மேல் அமர்ந்து நாலு மீன் பிடித்துப்போகும் வார்லிப் பழங்குடி மனிதரைச் சுட்டி 'ஏரியின் எதிரி' என்று எழுதுவோர், அறிந்தோ அறியாமலோ, கழிவுநீர்க் குழாயின் உரிமையாளர்களுக்கு அடைக்கலம் தருகிறார்கள்.

இன்னொரு தரப்பும் உண்டு. அதற்கு மீனும் வேண்டாம், மீன்பிடிப்பவரும் வேண்டாம். காட்சி மட்டும் போதும். ஏரியின் ஓரத்தில் மிதிவண்டிப் பாதை போட்டு அழகுபடுத்த மாநகராட்சி முயன்றது. நீதிமன்றத்துக்குச் சென்றபின், 2022 மே மாதத்தில் மும்பை உயர்நீதிமன்றம் அப்பணியைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று நிறுத்தி, போட்டதை அகற்றவும் உத்தரவிட்டது. இந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மனப்பாங்கைத் தமிழ்ச் சொற்கள் கொண்டே அளந்துவிடலாம். ஊர் உண்ணும் நீர் ஊருணி. நீரைத் தாங்கி வைப்பது தாங்கல். ஏந்தி வைப்பது ஏந்தல். நீர்நிலைகளுக்கு இட்ட இப்பெயர்கள் பயனிலிருந்து பிறந்தவை. மாடியில் நின்று பார்ப்பதற்கான நீர் என்னும் பொருளில் பழந்தமிழில் ஒரு சொல்லும் வழக்கில் இல்லை. அடுக்குமாடி விளம்பரங்களின் 'லேக் வியூ'வுக்கு நேரான சொல் கிடைக்காததில் வருந்த ஒன்றுமில்லை.

இதில் காட்கோபர்க்காரருக்கும் தாராவிக்காரருக்கும் என்ன வந்தது என்று கேட்போர் உண்டு. விகார், பவாய் ஏரிகளின் வழிநீரே மித்தி ஆறு. அது குர்லாவைக் கடந்து, தாராவியை ஒட்டி, மாகிமில் கடல் சேர்கிறது. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மித்தி பெருகி யார் வீட்டுக்குள் நுழைந்தது என்பதை அக்கரைகளில் வாழும் தமிழர் மறக்கவில்லை. மேலே ஏரி தூர்ந்தால் கீழே குடிசை மூழ்கும். ஏரியின் நலம் சீட்டு வைத்திருப்போரின் ஞாயிற்றுக்கிழமைக் கவலை மட்டும் அன்று.

இனி ஒரு வலுவான தடை. 'இரவில் சிறுகண் வலை போட்டு அள்ளுவதும் வாழ்வாதாரமா? அதை எப்படி ஏற்பது?' ஏற்க வேண்டியதில்லை. சிறுகண் வலை தவறு. இனப்பெருக்கக் காலத்துப் பிடிப்பு தவறு. வெடியும் நஞ்சும் குற்றம். கருவியையும் காலத்தையும் அளவையும் கட்டுப்படுத்துவது நியாயமான சட்டம். ஆளைப் பார்த்துக் கட்டுப்படுத்துவது நியாயமற்ற சட்டம். சீட்டுள்ளவர் பத்துக் கிலோ கட்லாவைக் கையிலேந்திப் படம் எடுத்தால் சாதனை, சீட்டில்லாதவர் இரண்டு கிலோ கொண்டுபோனால் களவு என்பது இயற்கைப் பாதுகாப்பு ஆகாது, அது வேலி.

தமிழ்நாட்டில் இதற்கு மாற்றான ஒரு மரபு இன்றும் மூச்சுவிடுகிறது. சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோடையில் கண்மாய் நீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துணியை வீசும் வரை யாரும் நீரில் இறங்கக் கூடாது. வீசியபின் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக எல்லோரும் இறங்கலாம். பிடித்ததைச் சமைத்து உண்பதே வழக்கம். காலக் கட்டுப்பாடு அதில் இருக்கிறது; கருவிக் கட்டுப்பாடு இருக்கிறது; ஆனால் 'மீன்பிடிக்கத் தகுதியுள்ள வகுப்பு' என்று ஒன்றில்லை. இதைப் பொற்காலமாகப் புனையவும் தேவையில்லை. ஆண்டின் மற்ற நாள்களில் மீன்பாசிக் குத்தகை யார் கைக்குப் போகிறது என்பதில் சாதியும் பணமும் புகுந்து விளையாடுவதை ஊரறியும். குறையுள்ள மரபே ஆயினும், நீருக்குக் காவல் போடுவதும் மக்களுக்கு வழிவிடுவதும் ஒருங்கே இயலும் என்பதற்கு அது சான்று.

ஆகவே பவாய்க்கும், பவாய் போன்ற ஒவ்வொரு சிற்றேரிக்கும் கேட்கவேண்டியவை தெளிவானவை. தூண்டிலுக்கு ஒரே விதி வேண்டும்: உருளைக்கோலுக்கும் கைநரம்புக்கும், துடுப்புப் படகுக்கும் தெர்மகோல் தெப்பத்துக்கும் அதே தடைக்காலம், அதே பிடிப்பளவு. கரையோரப் பாடாக்களில் வாழும் பழங்குடியினருக்குக் கட்டணமின்றியும், நகரத்து எளியவருக்குக் கூலிக்கணக்கில் கட்டக்கூடிய அளவிலும் நாட்சீட்டு வேண்டும். பிடிப்புக் குறிப்பேடு எல்லோருக்கும் வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, கரையில் ஒருவர் எழுதலாம். காவிரியில் குறிப்பேடு செய்த வேலையை இங்கேயும் அது செய்யும். இரவில் தெப்பத்தில் மிதப்பவருக்குத் தெரிந்த ஏரியும் அப்போதுதான் பதிவில் ஏறும். எந்த இனத்தின் குஞ்சை விடுவது என்பதை மீனியல் அறிஞர் முடிவு செய்ய வேண்டும். கோலின் வளைவில் இன்பம் காண்போரின் விருப்பம் முடிவு செய்யக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கழிவுநீர் வாய்கள் அடைபட வேண்டும்.

சங்கத்தார் இதை எதிர்க்கக் காரணமில்லை. ஏரியில் மீன் இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் டயர்க் குழாய்க்காரருக்கும் இடையே எந்த முரணும் இல்லை. மீன் இல்லாவிட்டாலும் கவலைப்படாதவர்கள் மாடிகளில் இருக்கிறார்கள். நீரில் முள்ளை இறக்குபவர் எவராயினும் நீரைத் தொட்டுப் பார்த்தவர். மணத்தில், நிறத்தில், மீனின் செதிலில் ஏரியின் நோயை முதலில் அறிபவர். அந்தச் சாட்சிகளில் பாதிப்பேரைத் திருடர் என்று விரட்டிவிட்டு ஏரியைக் காக்கப் புறப்படுவது மடமை. 'போச்சர்' என்னும் சொல்லைத் தமிழர் வாயிலிருந்து முதலில் இறக்கி வைக்கட்டும். தூண்டில் என்னும் சொல் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. அது இருவருக்கும் போதும்.